டூவே நில்சனுக்கு என்ன வேலை

சுவீடனின் ஓர்னரோட் நூலகத்தில் புதன்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு, வம்சாவளி தேடுகிறவர்களுக்கான உதவி நேரம். காபி இலவசம், இஞ்சி பிஸ்கட் இலவசம், பழைய கையெழுத்தை வாசித்துச் சொல்லும் குன்வோரின் பொறுமையும் இலவசம். முதல் இரண்டும் நான்கு மணிவரை தாக்குப்பிடிக்கும். மூன்றாவது அன்றைக்கு இரண்டே கால் மணிக்கே தீர்ந்துபோயிற்று.

காரணம் அன்னெலி. ஊரின் பெரிய பண்ணை வீட்டுப் பெண். ஒன்றாம் வகுப்பிலிருந்து குன்வோருடன் படித்தவள். பிறகு குன்வோரின் அத்தை மகனையே கட்டிக்கொண்டு சொந்தக்காரியும் ஆகிவிட்டாள். தன் முன்னோர் ஒருவரின் பெயருக்கு முன்னால் அந்தக் காலத்துப் பாதிரியார் கிறுக்கி வைத்திருந்த ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். குன்வோர் ஒரே பார்வையில் வாசித்துச் சொல்லிவிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

"கோல்காரரா? அப்படின்னா?"

"பிரசங்கம் நடக்கறப்ப தூங்கி விழறவங்களை நீட்டுக் கோலால குத்தி எழுப்பி விடறவர். நாய் உள்ள புகுந்துட்டா அதையும் அவர்தான் துரத்தணும்."

"எங்க வீட்டு ஆளா? போடி! எங்க ஆளுங்க ராஜாவோட படைக்குக் குதிரையும் கொடுத்து, அதுமேல உக்கார ஆளையும் கொடுத்தவங்க. கண்ணாடியைத் தொடச்சுட்டு நல்லாப் பாரு."

"தொடச்சுட்டுத்தான் பாத்தேன். கோல்காரர்."

அன்னெலி தாளைப் பிடுங்கிக் கைப்பையில் திணித்தாள். சும்மா போயிருக்கலாம். கதவருகில் நின்று திரும்பினாள்.

"ஊருக்கெல்லாம் வேலை போட்டுக் குடுக்கறியே, உங்க டூவே என்ன ஆனார்? அவருக்கு இன்னும் வேலை கிடைக்கலையாமே?"

மேசையைச் சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். குன்வோரும் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. மூன்று வருடமாக டூவே நில்சன் அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார். அப்பாவின் வழியில் ஆறு தலைமுறைக்கு முந்தியவர். ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்பதில் பிறந்தார், அறுபத்திரண்டு வயதில் செத்தார், ஏழு பிள்ளைகள், நான்கு பிழைத்தன. எல்லாம் இருக்கிறது. என்ன வேலை பார்த்தார் என்பது மட்டும் இல்லை.

இல்லையென்றால் எழுதப்படவில்லை என்று அர்த்தமில்லை. அப்படி இருந்திருந்தால் குன்வோர் விட்டிருப்பாள். வருடத்துக்கு ஒருமுறை பாதிரியார் வீடு வீடாக வந்து வேதபாடம் ஒப்பிக்கச் சொல்லி, யார் தேறினார் யார் திக்கினார் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு போன காலம் அது. பெயருக்கு முன்னால் தொழிலை எழுதாமல் ஒரு மனுஷனைக்கூட அவர்கள் விட்டதில்லை. சுவீடனில் தொழில் என்பது தலையெழுத்து. அவள் சிறுமியாக இருந்தபோது டெலிபோன் புத்தகத்திலேயே ஆட்களைத் தொழிலைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்தியிருந்தார்கள். கல்லறைக் கல்லிலும் தொழில்தான் முதலில். டூவேக்கும் எழுதியிருந்தார்கள். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பிளேடால் சுரண்டி எடுத்திருந்தான்.

ஓரிடத்தில் இல்லை, பன்னிரண்டு இடத்தில். வேதபாட விசாரணைப் பதிவேடுகளில் நான்கு, பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளில் ஏழு, சாவுப் பதிவில் ஒன்று. சுரண்டியதோடு விட்டானா? சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். லுண்ட் நகர ஆவணக் காப்பகத்துக்கே போய், மூலப் புத்தகத்தை வாங்கி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒரு எழுத்தின் கால்கூடத் தெரியவில்லை. எவனோ வேலை தெரிந்தவன். அதைவிடப் பெரிய எரிச்சல், அவள் என்ன வழியில் தேடினாளோ அதே வழியில் அவனும் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு எட்டு முன்னால். அவன் கை விளங்காமல் போக வேண்டும் என்று அவள் எத்தனையோ தடவை வாய்விட்டே சபித்திருக்கிறாள்.

முப்பத்தைந்து வருடம் மருந்துக்கடையில் நின்று டாக்டர்களின் கையெழுத்தை வாசித்தவள் அவள். போன வருடம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். குதிரைக்கொட்டில் மண்ணைத் தோண்டிக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தவர், அடுத்தவர் வீட்டு மூலையில் ஒண்டியிருந்தவர், கடற்படைக்காக ஊர் சேர்ந்து சோறுபோட்டு வளர்த்த மாலுமி என்று யார் கொண்டுவந்தாலும் சொல்லிவிடுவாள். சொந்த முப்பாட்டனுக்கு மட்டும் வெறும் வெள்ளைக் காகிதம்.

இப்போது நெருக்கடி வேறு. அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்குத் தொண்ணூறு வயது. நாற்பத்திரண்டு விருந்தாளிகள். ஆளுக்கொரு குடும்பப் புத்தகம் கொடுப்பதாகச் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் குன்வோர் சொல்லியாயிற்று. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். எல்லாப் பக்கமும் தயார். பதினொன்றாம் பக்கத்தில் டூவே நில்சனுக்கு முன்னால் மட்டும் ஒரு ஓட்டை.

அப்பா எவால்ட் முப்பது வருடம் ஓர்னரோட் தேவாலயச் சபை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். இந்தப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தியவர் என்றே சொல்லலாம். அவரைக் கேட்டால் ஒரே பதில்தான்.

"குதிரைங்களோட வேலை பாத்தவர்னு எங்கப்பா சொல்வார். அதுக்கு மேல எனக்கு என்னம்மா தெரியும்? நான் பிறப்புச் சீட்டும் இறப்புச் சீட்டும் எழுதினவன்."

குதிரை என்றதும் சொந்தக்காரர்கள் டூவேயைக் குதிரைப்படை வீரராகவே ஆக்கிவிட்டார்கள். ஒரு சித்தப்பா பழைய கடையில் குதிரைவீரன் படம் ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டியும் விட்டார். படைவீரர் பட்டியல்கள் அத்தனையும் குன்வோர் பார்த்துவிட்டாள். டூவே நில்சன் என்று ஒரு ஈ காக்கை இல்லை.

நான்கு மணிக்கு எல்லோரும் கலைந்தபின் டோர்க்கெல் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். நூலகத்தின் இயந்திரங்கள் எதுவானாலும் அவன் கைதான்.

"அக்கா, அந்த மூலை அலமாரி வெள்ளிக்கிழமை குப்பைக்குப் போகுது. பழைய மைக்ரோ அட்டை எல்லாம். அந்த இடத்துல குழந்தைங்களுக்கு சோபா போடறாங்களாம்."

"போகட்டும். அதை யார் பாக்கறா?"

உண்மைதான். பதிவேட்டுப் பக்கங்களைப் பொடியாக்கி ஐம்பதுகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கீறலும் புள்ளியுமாக, கண்ணைப் பிடுங்கும். வண்ணத்தில் பளிச்சென்று எல்லாப் புத்தகங்களும் இணையத்தில் வந்தபிறகு அந்த அட்டைகளை ஒருவரும் தொடுவதில்லை. புதிதாக வருகிறவர்கள் கேட்டால்கூட, "அந்தக் குப்பை எதுக்கு, கலர்ல இருக்கே" என்று திருப்பி அனுப்புகிறவள் குன்வோர்தான்.

"நம்ம ஊர் அட்டையும் இருக்கு. ஐம்பத்திரண்டுல எடுத்ததாம்" என்றான் டோர்க்கெல் துணியில் கையைத் துடைத்தபடி.

குன்வோர் கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தாள். அப்படியே நின்றாள்.

"எப்ப எடுத்தது?"

"ஐம்பத்திரண்டு."

ஒரே பக்கத்தை இரண்டு காலத்தில் படம் எடுத்திருக்கிறார்கள். சுரண்டினவன் எப்போது சுரண்டினான் என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. பழைய புத்தகம், பழைய சுரண்டல் என்றே நினைத்திருந்தாள். லுண்டுக்கு மூன்று தடவை பெட்ரோல் போட்டுப் போனவளுக்கு, வாராவாரம் தான் கோட்டு மாட்டுகிற கொக்கிக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"டேய், அந்த மிஷின் வேலை செய்யுமா?"

"செய்யும். ஆனா வலது பக்கம் நகர்த்தினா படம் இடது பக்கம் ஓடும்."

ஓடியது. இருபது நிமிடம் அவர்கள் இரண்டு பேரும் மாறி மாறித் திட்டிக்கொண்டு தள்ளினார்கள். விளக்கு இரண்டு தடவை அணைந்தது, டோர்க்கெல் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினான். கடைசியில் சாம்பல் நிறத் திரையில் அந்தப் பக்கம் வந்து நின்றது. அதே பாதிரியாரின் அதே வளைந்த கையெழுத்து. டூவே நில்சன். அவர் பெயருக்கு முன்னால், நேற்று எழுதியதுபோல, ஒரு சொல்.

நாட்மன்.

"கிடைச்சுட்டார்!" என்று கத்திவிட்டாள். அடுத்த நொடி திரையில் அந்தச் சொல்லைக் கையால் மறைத்தாள்.

அந்தச் சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து வம்சாவளிக்காரர்கள் யாருக்கும் தெரியும். செத்த குதிரையைத் தோலுரிப்பவன். கழிப்பறைக் குழியை ஊர் அடங்கியபின் அள்ளுபவன். தூக்கில் தொங்கினவனை இறக்கிப் புதைப்பவன். அவன் தொட்டதை ஒருவரும் தொடமாட்டார்கள். கோயிலில் அவனுக்குத் தனிப் பெஞ்சு. சத்திரத்தில் அவனுக்கென்று அடிக்கால் உடைத்த தனிக் கோப்பை, தவறிப்போய்க்கூட வேறொருவர் அதில் குடித்துவிடக் கூடாதென்று. அவன் பிள்ளைகளுக்கு அதே வேலைக்காரர்கள் வீட்டில்தான் பெண், அதே வீட்டில்தான் மாப்பிள்ளை.

டோர்க்கெல் தொண்டையைச் செருமினான்.

"குதிரைங்களோட வேலைன்னு அப்பா சொன்னது பொய் இல்லைக்கா."

குன்வோர் தன் நோட்டைத் திறந்தாள். ஏழு பிள்ளைகளின் ஞானஸ்நானம். ஒவ்வொன்றுக்கும் ஞானப்பெற்றோர் பெயர்கள். ஒருவர்கூட உள்ளூர் இல்லை. மூன்று சபை தாண்டி, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களின் பெயர்களே திரும்பத் திரும்ப. பிறந்த குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் பனியில் அவ்வளவு தூரம் எதற்கு வருவார்கள், பாதிரியார்தான் தப்பாக எழுதித் தொலைத்திருக்கிறார் என்று மூன்று வருடமாக அவரைக் கரித்துக் கொட்டியிருந்தாள். பாதிரியார் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்; வந்தவர்கள் அதே வேலைக்காரர்கள். இந்த ஊரில் அந்தக் குழந்தைகளைக் கையில் ஏந்த ஒருவரும் வரவில்லை. ஏழு தடவையும் வரவில்லை.

அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

"இதைச் சுரண்டினவன் யாருடா?"

"கணக்குப் போட்டுப் பாருங்க. படம் எடுத்தது ஐம்பத்திரண்டு. புத்தகங்க லுண்டுக்குப் போனது எழுபத்தொன்பது. அதுவரைக்கும் நம்ம சபை ஆபீஸ் இரும்பு அலமாரிலதான் இருந்துச்சு. சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"பாதிரியார்கிட்ட."

"அப்புறம்?"

"அந்த ப்ளூம்டால் பாதிரியாராத்தான் இருக்கும். எப்பவும் வெள்ளை வெளேர்னு இருக்கணும் அந்தாளுக்கு" என்றாள் குன்வோர், கேள்வி காதில் விழாததுபோல. "நாளைக்குக் காலைல அப்பாகிட்டயே கேக்கறேன். அவருக்குத் தெரியும்."

டோர்க்கெல் அவளைப் பார்த்தான். பிறகு இயந்திரத்தை அணைத்துவிட்டு, அந்த அட்டையை ஒரு உறையில் போட்டு அவள் கையில் கொடுத்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதியோர் இல்லத்துக்குப் போனாள். எவால்ட் சன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார். சட்டை, டை, மேலே பின்னல் கோட்டு. முன்னால் மைப்புட்டி, தொட்டெழுதும் பேனா, கெட்டி அட்டைத் துண்டுகள். விருந்து மேசையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கான பெயர் அட்டைகளை அவரே எழுதிக்கொண்டிருந்தார். அச்சடிக்கலாம் என்று சொன்னதற்கு, அச்செழுத்தில் அழைக்கப்பட்டவன் அரை மனதோடுதான் வருவான் என்று ஒரு வாரம் முனகியவர் அவர்.

"வாம்மா. முப்பத்தொன்பது முடிஞ்சுது. காபி பிளாஸ்க்ல இருக்கு, ஊத்திக்க."

"அப்பா, ஒரு விஷயம் கேக்கணும். டூவேயோட வேலை கிடைச்சுடுச்சு."

பேனா நின்றது. அட்டையில் ஒரு பொட்டு மை விழுந்தது.

"தொலைஞ்சுது போ" என்றார் எவால்ட். அவர் பார்வை அட்டையிலேயே இருந்தது. "ஒரு பேரைக் கெடுத்துட்டியே."

கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். பஞ்சுக்கு அடியிலிருந்து பாதி சவர பிளேடு ஒன்றை எடுத்தார். நர்ஸ்கள் கண்ணில் படாமல் வைத்திருப்பார்போல. மைப்பொட்டை மேலோட்டமாக, மேலிருந்து கீழாக, காகிதத்துக்கு வலிக்குமோ என்பதுபோலச் சுரண்டினார். துகளை வாயால் ஊதினார். பிறகு கட்டைவிரல் நகத்தைத் திருப்பி, அந்த இடத்தைத் தேய்த்தார். தேய்த்தார், சாய்த்துப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். அட்டை வழவழவென்று ஆயிற்று.

குன்வோர் பிளாஸ்க் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். பன்னிரண்டு இடத்திலும் பூதக்கண்ணாடியில் பார்த்த அதே வழவழப்பு. லுண்டின் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிய அதே மினுமினுப்பு.

"நீங்களா?"

எவால்ட் பிளேடைக் கண்ணாடிக் கூட்டில் திரும்ப வைத்து மூடினார்.

"ஆமா. நான்தான்."

"மூணு வருஷம்ப்பா!" அவள் குரல் நடைக்கூடம்வரை போயிருக்கும். "மூணு வருஷம்! எத்தனை தடவை லுண்டுக்குப் போனேன்! கண்ணு ரெண்டும் பூத்துப்போச்சு! வாராவாரம் இங்க வந்து உங்ககிட்ட ஒப்பாரி வெச்சேன். நீங்க பிஸ்கட்டைக் கடிச்சுக்கிட்டு, 'என்னம்மா, கிடைச்சுதா'ன்னு கேட்டீங்க! கேட்டீங்களா இல்லையா?"

"கேட்டேன். கிடைக்காதுன்னு ஒரு தைரியம்."

"தைரியமா!"

"படம் எடுத்துட்டுப் போனது எனக்குத் தெரியும். ஆனா அந்தச் சுருளை எல்லாம் அமெரிக்காவுல ஏதோ மலையைக் குடைஞ்சு உள்ள வெச்சுட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நம்ம நூலகத்து அலமாரில இருக்கும்னு நான் கண்டேனா?"

"நீங்க சுரண்டினது கோயில் புத்தகம்ப்பா. ஊரார் பிறப்பு இறப்பு. ஒரு கமாவை மாத்தினாலே பாவம்னு எனக்குச் சொல்லிக்குடுத்தவர் நீங்க. சின்ன வயசுல என் ரிப்போர்ட் கார்டுல ஒரு மார்க்கைத் திருத்தினதுக்கு ஒரு மாசம் எங்கூடப் பேசல."

"ஆமா, பேசல."

"அவமானமா இருந்துச்சா? அவ்ளோ பெரிய அவமானமா? இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் குதிரைத் தோலை உரிச்சாரு. அதுக்கா?"

எவால்ட் காபியைச் சாசரில் ஊற்றினார். ஒரு சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சினார். அவர் பேசத் தொடங்குமுன் சாசர் காலியாக வேண்டும்; அது எப்போதும் உள்ள பழக்கம். அன்றைக்கு அது குன்வோருக்குத் தாங்க முடியாத நேரமாக இருந்தது.

"எங்கப்பா அன்னெலியோட தாத்தா பண்ணைல அறுவடைக்குப் போவார். கூடவே நானும் போவேன், ஏழு வயசு. காபி நேரத்துல எல்லாருக்கும் மேசை மேல கோப்பை வரும். எங்கப்பா கோப்பை மட்டும் கதவுக்குப் பின்னாடி ஒரு ஆணில தொங்கும். அவரே எடுத்துக் குடிச்சு, அவரே கழுவி, அவரே மாட்டுவார். ஏன்னு ஒருநாள் அந்த வீட்டம்மாவைக் கேட்டேன். அவங்களுக்குத் தெரியல. நிஜமாவே தெரியல. எங்க மாமியார் காலத்துலேருந்து அப்படித்தான்னாங்க. காரணத்தை மறந்துட்டாங்க. கோப்பையை மறக்கல."

"எனக்கு நீங்க இதைச் சொன்னதே இல்ல."

"நல்ல கதையா, சொல்றதுக்கு? ஆபீஸ்ல சேர்ந்தப்புறம் புத்தகத்தைப் புரட்டினேன். காரணம் தெரிஞ்சுது. மூடி வெச்சுட்டேன். பத்து வருஷம் அப்படியே விட்டேன். கைகூட வைக்கல. எழுதினது எழுதினதுதானேன்னு." சாசரை மேசையில் வைத்தார். "எழுபத்துநாலு ஏப்ரல்ல உங்க டீச்சர்கிட்டேருந்து ஒரு கடிதம் வந்துச்சு. ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க சபை ஆபீசைப் பாக்க வர்றாங்க. ஒவ்வொரு பிள்ளையோட முன்னோர் பக்கத்தையும் எடுத்து வைங்க, நான் சத்தமா வாசிச்சுக் காட்டறேன்னு."

குன்வோர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. மஞ்சள் மழைக்கோட்டு. இரும்பு அலமாரியின் எண்ணெய் வாசனை. டீச்சர் அன்னெலியின் பக்கத்தை விரித்து, ராஜாவுக்குக் குதிரை கொடுத்த வீட்டுக்காரர் என்று உரக்க வாசித்தது. அன்னெலி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்தது குன்வோர். "டூவே நில்சன், ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்பதில் பிறந்தவர்" என்று டீச்சர் வாசித்து, கொஞ்சம் குனிந்து பார்த்து, "சரி, அடுத்தது" என்று பக்கத்தைத் திருப்பியது. நம்ம ஆளுக்கு ஒன்றுமே இல்லையே என்று அவளுக்கு முகம் விழுந்துபோனது. அப்பா அலமாரிப் பக்கம் திரும்பி, எதையோ அடுக்கிக்கொண்டு, கடைசிவரை முதுகையே காட்டிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை என்று அன்றைக்குச் சாயங்காலம் அவரோடு சண்டைகூடப் போட்டாள்.

"டீச்சருக்கு அந்த வார்த்தை தெரியும். சொல்லிக்குடுக்கறவ, அர்த்தமும் சொல்லியிருப்பா. முப்பது பிள்ளைங்க. உனக்குப் பன்னெண்டு வயசு" என்றார் எவால்ட். "முந்தின நாள் எல்லாரும் போனப்புறம் உக்காந்தேன். ஒரு இடம்னு நினைச்சு ஆரம்பிச்சேன். பன்னெண்டு இருந்துச்சு. விடியறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சேன். வேலைல ஒரு பிசிறு இல்ல."

"வேலை நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் குன்வோர். அந்தக் கை விளங்காமல் போக வேண்டும் என்று எத்தனை தடவை சபித்திருக்கிறாள். இப்போது அது மேசைமேல் இருந்தது, நகத்தில் மையோடு, நரம்பெல்லாம் புடைத்து. அதைத் தொட வேண்டும் போலவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது.

"ஞானப்பெற்றோர் பேரை ஏன் விட்டுட்டீங்க? அதைப் பாத்தாலே தெரியறவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியும். பிளேடை வெச்சேன். அவ்ளோ தூரம் நடந்து வந்த ஜனங்கம்மா. அவங்களையும் எப்படிச் சுரண்டறது?"

சுவர்க் கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. குன்வோர் கைப்பையிலிருந்து பதினொன்றாம் பக்கத்தின் அச்சுப்படியை எடுத்து அவர்முன் வைத்தாள்.

"பன்னெண்டு மணிக்கு அனுப்பணும். இங்க என்ன போடட்டும்? காலியா விடவா? இல்ல சித்தப்பா சொல்ற மாதிரி குதிரைப்படை வீரர்னு எழுதித் தொலைக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க. உங்க பிறந்தநாள், உங்க விருந்து. நாப்பத்திரண்டு பேர் கைக்கும் போகப்போற புத்தகம். அன்னெலி முதல் ஆளா அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவா."

எவால்ட் அச்சுப்படியைப் பார்க்கவேயில்லை. சுரண்டிய அட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, கட்டிலிருந்து புது அட்டை ஒன்றை உருவினார். பேனாவை மையில் தொட்டு, புட்டியின் விளிம்பில் ஒருமுறை வழித்தார். மெதுவாக எழுதினார். முப்பது வருடம் ஊரார் பெயர்களையெல்லாம் எழுதிய அதே சாய்ந்த எழுத்து. எழுதி முடித்து அவள் பக்கம் திருப்பினார்.

நாட்மன் டூவே நில்சன்.

"அம்பத்தொன்பதுல பிறந்தவர். இந்த ஊர்ல ஒரு மேசைலயும் உக்காரல" என்றார். "நாப்பத்துமூணுன்னு சமையல்காரங்ககிட்டச் சொல்லிடு. காபிக் கோப்பையும் ஒண்ணு சேத்து வைக்கச் சொல்லு, எல்லாருக்கும் வைக்கறாங்களே, அந்த செட்டுலயே. ஆணி கீணி எதுவும் வேண்டாம்."

குன்வோர் அட்டையை வாங்கி ஊதினாள். மை இன்னும் காயவில்லை.

"எங்க உக்கார வைக்கறது?"

எவால்ட் எழுதி அடுக்கியிருந்த அட்டைகளைச் சீட்டு கலைப்பதுபோலப் புரட்டி, ஒன்றை உருவி, டூவேயின் அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல வைத்தார். அன்னெலியின் பெயர்.

"அப்பா! அவ எந்திரிச்சுப் போயிடுவா."

"போனா போகட்டும்" என்றார் எவால்ட், அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டே. "கேக் ஒரு துண்டு மிச்சம். நீ முதல்ல அந்தப் பக்கத்தை நிரப்பி அனுப்பு. நேரமாகுது."